பள்ளிக்கு எந்தப் பயம் வேண்டும்?

வணக்கம் சார்,

பெரம்பூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தெருமுனையிலேயே மாநகராட்சிப் பள்ளி இருந்தும், எல்லோரும் கடன் வாங்கியாவது பிள்ளையை மெட்ரிக் பள்ளியில்தான் சேர்க்கிறார்கள். நானும்தான். அரசு ஒரு பிள்ளைக்குச் செலவழிக்கும் பணத்தைப் பெற்றோரிடம் கூப்பனாகக் கொடுத்துவிட்டால் என்ன? என் சரக்கு சரியில்லை என்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தப் பயம் பள்ளிக்கும் வேண்டாமா?

ர., பெரம்பூர்

அன்புள்ள ர.,

கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பிள்ளை நன்றாக வரவேண்டும் என்ற தவிப்பு அது.

கூப்பன் யோசனையை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955லேயே எழுதிவிட்டார். சிலி நாடு 1981இல், பினோசேயின் ராணுவ ஆட்சியில், அதைச் செய்தும் பார்த்தது. பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக மானியம் பெறும் தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள். அந்தப் பள்ளிகளோ தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன, மேல்காசும் வாங்கின. வசதியுள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் ஒரு பக்கம் என்று ஆனது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகு, 2015இல் சட்டம் போட்டு இதையெல்லாம் நிறுத்த வேண்டியிருந்தது.

உங்கள் கடையில் காசு கொடுத்தால் யாருக்கும் பருப்பு கிடைக்கும். பள்ளி அப்படியில்லை. நல்ல ரிசல்ட் காட்டச் சுலபமான வழி, நல்ல மார்க் எடுக்கிற பிள்ளையாகப் பார்த்து வைத்துக்கொள்வது. ஒன்பதாவதில் சுமாராகப் படிக்கும் பையனின் அப்பாவைக் கூப்பிட்டு, "பத்தாவதுக்கு வேற இடம் பாருங்களேன்" என்பார்கள். ஃபீஸ் பாக்கிக்காக மாதக்கணக்கில் பிடித்து வைக்கும் டி.சி., இதற்கு மட்டும் அன்று மாலையே கைக்கு வந்துவிடும். ஜூனில் அந்தப் பையன் எங்கே போய் நிற்பான்? உங்கள் தெருமுனைப் பள்ளியில்தான்.

அந்தப் பள்ளி மோசம் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் ஏன் அப்படி ஆகிறது என்று பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும், வகுப்பு ஐந்தாக இருந்தாலும். பிள்ளைகள் குறைந்தால் பணியிடம் குறையும். ஒரே டீச்சர் மூன்று வகுப்பைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். அதைப் பார்க்கிற அடுத்த பெற்றோரும் கிளம்பிவிடுவார். வாடிக்கையாளர் போனால் நீங்கள் சரக்கை மாற்றுவீர்கள். இங்கே டீச்சரையே எடுத்துவிடுகிறார்கள்.

பயம் வேண்டும்தான், ஆனால் ஓட்டுப் பயம். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில், அப்போது மாநகராட்சித் தலைவராக இருந்த நீதிக்கட்சியின் தியாகராயர் மதிய உணவு தொடங்கியதும் சரி, 2022இல் காலை உணவு வந்ததும் சரி, எந்தத் தனியார் பள்ளியோடு போட்டி போட்டும் அல்ல. அரசியலால் வந்தவை. கேள்வி கேட்கக்கூடியவர்கள் எல்லாம் மெட்ரிக் பள்ளி வேனில் பிள்ளையை ஏற்றிவிட்ட பிறகு அந்தப் பயம் யாருக்கு இருக்கும்?

உங்கள் மகனை இப்போதே மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். வார்டு கவுன்சிலர் கடைப் பக்கம் வந்தால் தெருவிளக்கையும் சாக்கடையையும் கேட்பீர்கள் இல்லையா, அப்படியே அந்தப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கு எத்தனை டீச்சர் என்றும் கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், கூப்பனைப் பற்றி அப்புறம் பேசலாம்.