பரோட்டா மாஸ்டருக்கு யார் பெல்ட் கட்டினார்கள்?

கேள்வி: என் ஒன்பது வயது மகன் இரண்டே வருடத்தில் கராத்தேயில் பிரவுன் பெல்ட் வாங்கிவிட்டான். பிளாக் பெல்ட் தேர்வுக்கு ரூ.12,000 கட்டச் சொல்கிறார் மாஸ்டர். பக்கத்துத் தெருவில் சிலம்பம் சொல்லித் தருகிறார்கள். அதற்கும் அனுப்பலாமா என்றால், "அது கோயில் கொடையில கம்பு சுத்துற வேடிக்கை, அங்க போனா இங்க வர வேண்டாம்" என்கிறார் மாஸ்டர். மாஸ்டர் சொல்வது சரியா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நாலு வரியில் மூன்று 'மாஸ்டர்'. அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. வித்தை சொல்லித் தருபவரை 'ஆசான்' என்றே எழுதுங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை சொல்லி, வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பரோட்டாக் கடையில் மட்டும் அந்தச் சொல்லுக்கு என் முழு மரியாதை.

எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு கடை. மாஸ்டர் மாவு உருண்டையைத் தட்டி, விளிம்பை விரலால் பிடித்து மேசையில் விசிறி அடிப்பார். மூன்றாவது வீச்சில், கீழே இருக்கும் மேசை தெரிகிற அளவுக்கு மெலிந்துவிடும், ஓரிடத்திலும் கிழியாது. தட்டு கழுவி, மாவு பிசைந்து, கல்லுக்கு முன்னால் வந்து நிற்க அவருக்கு ஆறு வருடம் ஆயிற்றாம். தேர்வுக் கட்டணம் கிடையாது; தின்கிற ஒவ்வொருவரும் தேர்வாளர்தான். பக்கத்து தோசைக் கடைக்காரரை அவர் ஒரு வார்த்தை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. ராத்திரி கடை சாத்தியதும் அங்கே போய்த்தான் இரண்டு தோசை சாப்பிடுகிறார்.

உங்கள் மாஸ்டருக்கு வருகிறேன். அவர் இடுப்பில் கட்டியிருக்கும் பெல்ட் கராத்தேயில் பிறந்ததே இல்லை, ஜூடோ கொடுத்தது. 1882-ல் டோக்கியோவில் ஒரு கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த அறையில் ஜூடோவைத் தொடங்கியவர் ஜிகோரோ கானோ. மாணவர்களை 'டான்' என்று தரம் பிரித்ததும், கறுப்புப் பெல்ட் கட்டவைத்ததும் அவர்தான். 1922-ல் ஒகினாவாவிலிருந்து கிச்சின் ஃபுனகோஷி என்ற பள்ளி ஆசிரியர் கராத்தேயைக் காட்ட டோக்கியோ வந்தார். கானோ அவரைத் தன் ஜூடோ பள்ளியான கோடோகனுக்கே அழைத்து, தன் மாணவர்கள் முன்னால் செய்துகாட்டச் சொன்னார். ஜூடோவைப் பார்த்துத்தான் ஃபுனகோஷி கராத்தேக்கும் உடை, பெல்ட் எல்லாம் கொண்டுவந்தார். 1930-ல் மொரிஹெய் உயேஷிபா என்ற இன்னொரு ஆசானின் வித்தையை (பிற்பாடு அய்கிடோ ஆனது) நேரில் பார்த்த கானோ, தன் மாணவர்கள் சிலரையே அங்கே கற்றுவர அனுப்பினார். உங்கள் மாஸ்டர் உங்களிடம் சொன்னதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கறுப்புப் பெல்ட்டின் முதல் படிக்குப் பெயர் ஷோடான். தொடக்கப் படி என்று பொருள். பணம் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை; ஆசானுக்கும் வாடகை உண்டு, வீட்டில் உலை வைக்க வேண்டும். மாதக் கட்டணத்தை மனதாரக் கொடுங்கள். என் கோபமெல்லாம் தகுதிக்கு ரசீது போடுவதில்தான். போன வருடம் உறவுக்காரப் பிள்ளையின் பெல்ட் தேர்வுக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். அறுபது பிள்ளைகள், ஒரு மணி நேரம். ஒரு சிறுமி உதைக்கக் காலைத் தூக்கியவள் தடுமாறி விழுந்தாள். எழுந்து மறுபடி செய்துகாட்ட அவளுக்கு நேரம் தரவில்லை. பெயரை வாசித்தார்கள், பெல்ட் கட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். "நான் விழுந்துட்டேனேம்மா, எப்படிக் குடுத்தாங்க?" என்று படியிறங்கும்போது அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ரூ.12,000 இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். ஒரு சாயங்காலம் மகனோடு அந்தச் சிலம்பக் களத்தில் போய் உட்காருங்கள். தப்புக் காலடி வைக்கிற பையனை ஆசான் எத்தனை தடவை திரும்பச் செய்யச் சொல்கிறார் என்று பாருங்கள். பிடித்தால் சேருங்கள். கராத்தேயை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்துவதானால் அவரே நிறுத்தட்டும். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால், கராத்தே பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று சிலம்ப ஆசானிடமும் கேளுங்கள். அவரும் இளக்காரமாகப் பேசினால், அங்கேயும் சேர்க்காதீர்கள்.