ஊசியை நிறுத்திவிட்டு சூரணமா?

கோத்தகிரியிலிருந்து எழுதியவருக்கு: தங்கைக்கு எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்கிற நரம்பு நோய்), அதன் தாக்குதல்களைக் குறைக்கப் போடும் இன்டர்ஃபெரான் ஊசியை நிறுத்திவிட்டு சித்தப்பா சொல்கிற சீந்தில் சூரணமும் வேதுபிடித்தலும் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் நானும் இதே நோயோடுதான் இருக்கிறேன். ஊசியை நிறுத்தாதீர்கள்.

இது வந்து வந்து தணிகிற நோய். மருந்தே இல்லாமல்கூட ஒரு தாக்குதல் சில வாரங்களில் இறங்கலாம். அந்த நேரம் பார்த்து எதைக் கொடுத்தாலும் பேர் அதற்குத்தான் போகும். (சூரணம் சாப்பிட்டு 'எழுந்து நடந்தார்' என்று சித்தப்பா சொல்லும் ஆளும் அப்படி இருக்கலாம்.)

சீந்தில்தான் எனக்குப் பயம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்றுதான் விற்கிறார்கள். இங்கே அந்தச் சக்திதானே நரம்பின் உறையை அரிக்கிறது? போதாததற்கு, சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். இன்டர்ஃபெரானும் கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியது. வேது வேண்டவே வேண்டாம். உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே எனக்குப் பார்வை மங்கும், ஆறினால் தெளியும். கோவைக்கு இறங்கினால் கழுத்தில் ஈரத்துண்டுதான்.

யோகா, பிசியோதெரபி தாராளமாகச் செய்யட்டும். ஊசிக்குப் பிறகு வரும் காய்ச்சல்தான் தொல்லை என்றால், ராத்திரி படுக்கும்முன் போட்டுக்கொள்ளலாமா, கூடவே பாராசிட்டமால் எடுக்கலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் தாங்கவில்லையா, டைமெத்தில் ஃபுமரேட் போல ஊசி இல்லாமல் வாயால் விழுங்குகிற மருந்துகள் இருக்கின்றன.