கூலி கொடுத்தது யார்?

கே: ரஷ்யப் பத்திரிகையாளர் அன்னா பொலித்கோவ்ஸ்கயாவைக் கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் தீராத வழக்கு என்கிறார்களே, ஏன்?
– வாசகி, திருச்சி

ப: சுட்டவர் பிடிபட்டார், சுடச் சொன்னவர் பிடிபடவில்லை. அதனால்தான்.

ரஷ்யாவின் தெற்கே, போர் நடந்த செச்னியா பகுதியின் சித்திரவதைகளையும் ஆள்கடத்தல்களையும் ‘நோவயா கஸியெத்தா’ பத்திரிகையில் விடாமல் எழுதியவர் அன்னா. 2004 செப்டம்பரில் தெற்கு ரஷ்யாவின் பெஸ்லான் ஊரில் ஆயுதக் குழு ஒரு பள்ளியைப் பிடித்துவைத்திருந்தபோது அங்கே கிளம்பினார். விமானத்தில் குடித்த தேநீரோடு நினைவு தப்பியது, உயிர் பிழைத்தார். 2006 அக்டோபர் 7 அன்று பிழைக்கவில்லை. மாஸ்கோ லெஸ்னயா தெருவில், மளிகை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவரை லிஃப்டிலேயே சுட்டார்கள். நான்கு குண்டுகள், ஒன்று தலையில். துப்பாக்கி உடலருகே கிடந்தது. கூலிக்கொலையில் இது வழக்கம்: ஆயுதத்தோடு தெருவில் அகப்படுவதைவிடப் போட்டுவிட்டுப் போவதே கொலையாளிக்குப் பத்திரம்.

இப்படிப்பட்ட கொலையில் சுடுபவர், நோட்டம் பார்ப்பவர், ஆள் பிடிப்பவர், பணம் கொடுப்பவர் என்று அடுக்கடுக்காக ஆட்கள் உண்டு. கீழே இருப்பவருக்கு உச்சியில் யார் என்றே தெரியாது. ஆகவே நடு ஆள்தான் வழக்கின் சாவி. இங்கே அந்த நடு ஆள், மாஸ்கோ போலீஸில் ஆட்களைப் பின்தொடரும் பிரிவில் அதிகாரியாக இருந்த பாவ்லுச்சென்கோவ். அன்னாவை வேவு பார்க்க ஏற்பாடு செய்ததும் துப்பாக்கி கொடுத்ததும் அவர்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டு ஒத்துழைத்தால் தண்டனை குறையும் என்று அரசுத் தரப்பு அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் போட்டால் சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை; வழக்கு கெட்டது இங்கேதான். கொலைக்குச் சொன்னவர்கள் என்று லண்டனில் தஞ்சமிருந்த அரசு எதிர்ப்பாளர்களை அவர் கைகாட்டினார். அன்னாவின் குடும்பம் அதை ஏற்கவில்லை. 2012-ல் 11 ஆண்டுச் சிறைத் தண்டனையோடு அவர் வழக்கு முடிந்தது.

2014-ல் மற்ற ஐவருக்கும் தண்டனை, இருவருக்கு ஆயுள். 2018-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ரஷ்யாவைக் கண்டித்தது: விசாரணை லண்டன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது, ரஷ்ய உளவுத்துறை மீதும் செச்னிய நிர்வாகத்தின் மீதும் எழுந்த சந்தேகத்தைத் துருவவே இல்லை என்றது.

கே: அந்த ஐவரும் இன்னும் சிறையில்தானா?
– வாசகர், கோவை

ப: இல்லை. 20 ஆண்டு தண்டனை பெற்ற முன்னாள் போலீஸ்காரர் ஹாஜிகுர்பானோவ் உக்ரைன் போருக்குப் போனார். அதற்காக அவருக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்த செய்தி 2023 நவம்பரில் வெளியானது. அன்னாவின் பிள்ளைகளும் பத்திரிகையும் இது கொடிய அநீதி என்றார்கள். மன்னிக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.