பட்டறையோடு பிழைத்த ரயில்பாதை

கேள்வி: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ஈலி என்னும் சிறு நகரத்தில், நூறாண்டு கடந்த நீராவி எஞ்சின்கள் இன்றும் ஓடுவதாகப் படித்தேன். ஏறத்தாழ நாலாயிரம் பேர் வாழும் ஊரால் ஒரு ரயில் அருங்காட்சியகத்தை எவ்வாறு காப்பாற்ற முடிகிறது?
– ஒரு வாசகர், பொன்மலை

பதில்: அந்த ரயில்பாதையைப் புதுப்பிக்க யாரும் பெரிதாக முனையாததே ஈலிக்கு வாய்த்த நல்லூழ் என்பேன். செம்புச் சுரங்கங்களுக்காக 1905-06ஆம் ஆண்டுகளில் போடப்பட்ட நெவாடா நார்தர்ன் பாதை, சுமார் 225 கிலோமீட்டர் வடக்கே கோப்ரே என்னும் இடத்தில் பெரிய ரயில்பாதையோடு இணைந்தது. பயணிகள் வண்டி 1941இலேயே நின்றுபோனது. 1983இல் மெக்கில் செம்பு உருக்காலை மூடப்பட்டதும் சரக்கு வண்டிகளுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில், உரிமையாளரான கென்னகாட் நிறுவனம் கிழக்கு ஈலி யார்டை நகரத்துக்கும் அங்கு அமைந்த ஓர் அறக்கட்டளைக்கும் கொடையாக வழங்கியது. எஞ்சின் கொட்டகை, பட்டறை, கருவிகள், அலுவலகக் காகிதங்கள் என அனைத்தும் இருந்த இடத்திலேயே கைமாறின. பிற ஊர்களில் பெரும்பாலும் ஓர் எஞ்சினை மட்டும் பூங்காவில் நிறுத்தி வண்ணம் பூசி வைப்பார்கள். ஈலிக்கோ அந்த எஞ்சினைப் பழுதுபார்க்கும் இடமும் சேர்ந்தே கிடைத்தது. 1910இல் பால்ட்வின் ஆலையில் செய்யப்பட்ட 40ஆம் எண் எஞ்சினை, பழைய இரும்புக்குப் போகவிடாமல் தொழிலாளர்களே கொட்டகையின் உட்புறத்தில் மறைத்துக் காத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. 2006இல் இந்த யார்டு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் பட்டம் கொதிகலனைக் காக்காது. அமெரிக்காவின் கூட்டரசு ரயில்வே நிர்வாகம் வகுத்த விதிப்படி, எஞ்சின் வேலை செய்த 1472 நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது கொதிகலனின் குழாய்களையெல்லாம் கழற்றி, தகட்டின் கனத்தை அளந்து, அது தாங்கக்கூடிய அழுத்தத்தை மறுபடி கணக்கிட வேண்டும். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்கள் செய்து தந்த பட்டறை உள்ள ஊர்க்காரரான உங்களுக்கு, அதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. செலவை ஈடுகட்ட, கட்டணம் செலுத்துவோரையே எஞ்சினை ஓட்ட விடுகிறார்கள்; குளிர்காலத்தில் புகைப்படக்காரர்களுக்கென்று தனி வண்டிகள் விடுகிறார்கள். கரிப்பிசுக்கோடு பட்டறையில் திரிந்த ‘டர்ட்’ என்ற பூனையைக் காணவே வந்தவர்களும் உண்டு. அது 2023இல் இறந்தது.

கேள்வி: தேய்ந்துபோகும் என்று தெரிந்தும் ஏன் ஓட்ட வேண்டும்? நிறுத்திவைத்துக் காட்டினால் போதாதா?
– மற்றொரு வாசகர், விழுப்புரம்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 1995இல் பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா எஞ்சினின் கொதிகலனில் நீர் குறைந்து, நெருப்பறையின் மேல்தகடு கிழிந்து, ஊழியர் மூவர் வெந்து காயமுற்றனர். நீர்மட்டம் காட்டும் கண்ணாடியைச் சரியாகப் பராமரிக்காததே முக்கியக் காரணம். மேலே சொன்ன விதி அந்த விபத்துக்குப் பின் வந்ததுதான். ஆனால் ஓடாத எஞ்சினுக்குக் கொதிகலன் வேலை தெரிந்தவர் தேவைப்படமாட்டார். தேவைப்படாத வேலையை இளைஞர் எவரும் கற்க வரமாட்டார். ஆகவே எல்லா எஞ்சின்களையும் ஓட்டாமல், ஒன்றிரண்டை மட்டும் முறை வைத்து ஓட்டி, மற்றவற்றைக் கூரைக்குக் கீழே உலர்வாக வைப்பதே தக்கது என்பது என் கருத்து.