ஏழாவது குழிகிட்ட நான் சொன்ன ஒரு வார்த்தை

வணக்கம் மேடம். எனக்கு வயசு 66, மதுரை. பேர் போட வேண்டாம், கடைத்தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளு. எழுகடல் தெரு பக்கம் 38 வருசம் பாத்திரக்கடை வெச்சிருந்தேன், போன வருசம்தான் கைமாத்தி விட்டேன். வீட்டம்மா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. ஒரே பையன், 36 வயசு, பெங்களூர்ல சாஃப்ட்வேர் கம்பெனில மேனேஜரு, மருமக, ஒரு பேத்தி. எனக்கு டைப் பண்ண வராது, பேத்தி சொல்லிக்குடுத்த மாதிரி வாயால சொல்லி ஏத்துறேன், தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

பையன் ஆபீஸ் ஆளுகளோட சேர்ந்து கோல்ஃப் பழகிட்டான். ரெண்டு மாசம் முன்னாடி போன் போட்டு, அப்பா நாம ரெண்டு பேரு மட்டும் நாலு நாள் ஸ்ரீலங்கா போறோம், கடல் ஓரத்துல ரிசார்ட்டு, அங்கயே கோல்ஃப் கிரவுண்டு இருக்குங்கிறான். எனக்கு பாஸ்போர்ட் எடுத்ததே அவன்தான். மதுரைல ஏறுனா ஒரு மணி நேரத்துல கொழும்பு மேடம், பெரியார்ல இருந்து மேலூர் போய் சேர்ற நேரந்தான். அங்கருந்து தெக்க அம்பாந்தோட்டைக்கு கார்ல மூணு நாலு மணி நேரம். போனா ஒரே காத்து, வேட்டி நிக்கல. கிரவுண்டுக்கு நடுவுல மயிலு பாட்டுக்கு நடந்து போகுது.

எனக்கு விளையாட்டெல்லாம் என்ன தெரியும்? முதல் நாள் குச்சிய குடுத்து அடிக்கச் சொன்னாய்ங்க, பத்து தடவை வீசுனேன், எட்டு தடவை காத்துதான் அடிபட்டுச்சு. பை தூக்கிட்டு கூட வர்ற ஆளுக்கு கேடின்னு பேராம், நம்ம ஊர்ல அப்படி கூப்பிட்டா சட்டைய புடிச்சிருவான். அந்தப் பையன் கொஞ்சம் தமிழ் பேசுனான், நல்ல பையன். குழிய பார்த்ததுமே இது டபரா அளவுதான்னு சொன்னேன், கேடி பையன் 108 மில்லிமீட்டர் சார், உலகம் பூரா ஒரே அளவுன்னான், எந்திரிச்சு கும்பிட்டிருப்பேன், நம்ம கணக்கு தப்பாது பாத்தீங்களா.

ரெண்டாவது நாள் நான் உருட்டிவிட்ட பந்து எங்கிட்டோ போய் வளைஞ்சு குழிக்குள்ள டொக்குன்னு விழுந்துச்சு. பையன் ரெண்டு கையையும் தூக்கி அப்பான்னு கத்துனான் பாருங்க, அவன் பத்தாவது பாஸ் பண்ணப்ப கூட அப்படி கத்துனது இல்ல. அது ஒண்ணுதான் நல்லது. மத்தபடி நாள் பூரா தலைய தூக்காதீங்க, முட்டிய மடக்குங்க, குச்சிய இறுக்காதீங்க, இதேதான். பில்லு வேற, டீ ஸ்ரீலங்கா காசுல 1,400ன்னு போட்டிருக்கான், எனக்கு நெஞ்சே நின்னு போச்சு, மூணரையால வகுத்தா நம்ம காசுக்கு 400 ரூவா, அப்பவும் ஒரு டீக்கு 400 ரூவாயா? நான் கேக்குறதும் அவன் விடுங்கப்பாங்கிறதுமா போச்சு.

மூணாவது நாள் ஏழாவது குழிகிட்ட கடல் பக்கத்துலயே தெரியுது. நான் அடிச்ச பந்து புதருக்குள்ள போயிருச்சு, மூணு நிமிசந்தான் தேடணும், அதுக்கு மேல தேடுனா கணக்குல வராதுன்னு ரூலாம். நான் தேடிக்கிட்டே இருந்தேன். பையன் சிரிச்சுக்கிட்டே, அப்பா விடுங்க, டைம் முடிஞ்சிருச்சு, உங்களுக்கு எதையும் விடத் தெரியாதுன்னான். எனக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல. எனக்கு குச்சி புடிக்க சொல்லித்தர்றியே, உங்கம்மாவ ஒரு நாள் இப்படி ஒரு கடலுக்கு கூட்டிட்டு போனியாடா, கடைசி வரைக்கும் கடலை பார்க்காமயே போயிட்டாளேன்னு கேடி பையன் முன்னாடியே கத்திட்டேன்.

அவன் ஒண்ணுமே பேசல. பைய எடுத்துட்டு நடந்துட்டான். அடுத்த நாள் காலையில இடியாப்பத்தை என் தட்டுல வெச்சான், அவ்வளவுதான். வர்ற வழி பூரா கொழும்பு வரைக்கும் வாய தொறக்கல. இப்ப ஒரு மாசம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை போன் வரும், பேத்திகிட்ட குடுத்துட்டு போயிருவான்.

உள்ளத சொல்றேன் மேடம், அவ கேட்டுக்கிட்டேதான் இருந்தா. கடைய பூட்டிட்டு எங்க போறது, ஆடி, தீபாவளி, தை மாசம் சீர்வரிசை, மூச்சு விட நேரம் இருக்காது. நம்ம கடையே ஏழு கடல்லதான்டி இருக்கு, உனக்கு வேற என்ன கடல் வேணும்னு தமாசு பண்ணுவேன், அவளும் சிரிப்பா. ராமேஸ்வரத்துக்கு அவள கொண்டு போனது அஸ்தியாத்தான்.

அப்பன் போயி புள்ளைகிட்ட மன்னிப்பு கேக்குறதா? இல்ல அப்படியே விட்டா தன்னால சரியாயிருமா? காலையில மூணு மணிக்கு முழிப்பு வந்துருது, அதுக்கப்புறம் தூக்கம் இல்ல.

ஆலோசகர் பதில்:

ஐயா, வணக்கம். தப்பு இருந்தா பொறுத்துக்கங்கன்னு எழுதியிருக்கீங்க, வாயால சொல்லி ஏத்துன லெட்டர்ல இவ்வளவு தெளிவு நான் பார்த்தது கம்மி. உங்க கேள்விக்கு பதிலையும் கடைசில நீங்களே எழுதிட்டீங்க, ஆனா அதை ஏதோ பக்கத்து வீட்டு விசயம் மாதிரி போற போக்குல எழுதியிருக்கீங்க.

அம்மா கடலுக்கு போகணும்னு கேட்டது யார்கிட்ட? உங்ககிட்ட. ஏழு கடல் தமாசு சொன்னது யாரு? நீங்க. ஏழாவது குழிகிட்ட நின்னு அதுக்கு கணக்கு கேட்டது மட்டும் பையன்கிட்ட. 38 வருசம் கடை நடத்துன ஆளு நீங்க, ஒருத்தர் பேர்ல இருக்குற பாக்கிய இன்னொருத்தர் பேர்ல எழுதுனா என்ன ஆகும்னு நான் உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

இப்படி செய்றவங்க கெட்டவங்க இல்ல ஐயா. ரெண்டு வருசமா உள்ளுக்குள்ள கெடந்தது, அதை நம்ம பேர்லயே சொல்லிக்க மனசு துணியாது, அப்ப பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்க மேல போய் விழும். அதுவும் அன்னைக்கு எல்லாம் ஒண்ணா சேர்ந்துக்கிச்சு பாருங்க. கண்ணு முன்னாடி கடல். 400 ரூவா டீ. கடைய விட்டுட்டு நாலு நாள் இருக்க முடியும்னே 66 வயசுலதான் தெரியுது. அம்மா இருந்தப்ப முடியாதுன்னு சொன்னது இப்ப முடியுது. அந்த நேரம் பார்த்து பையன் உங்களுக்கு எதையும் விடத் தெரியாதுன்னு சொல்றாரு. அவரு பந்தை சொன்னாரு, உங்க காதுல விழுந்தது கடை.

உங்களுக்கு மீனாட்சி கோயில் கதை தெரியாம இருக்காது. மீனாட்சியோட அம்மா காஞ்சனமாலை கடல்ல நீராட ஆசைப்பட, மக போய் சொக்கநாதர்கிட்ட சொல்ல, அவரு ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைச்சாரு, தெருவுக்கு பேரே அதுனாலதான். உங்க வீட்டம்மா அந்த தமாசுக்கு சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கீங்க. சிரிச்சிருப்பாங்கதான். திரும்பத் திரும்ப கேக்கவும் செஞ்சிருக்காங்க. ரெண்டையும் சேர்த்தே ஞாபகம் வெச்சுக்கங்க, ஒண்ண மட்டும் எடுத்துக்காதீங்க.

பையன் பக்கமும் தப்பு இல்லாம இல்ல. தான் கெட்டிக்காரனா இருக்குற ஆட்டத்துக்கு, குச்சியே புடிக்காத அப்பாவ கூட்டிட்டு போய் நாள் பூரா திருத்திக்கிட்டே இருந்தா யாருக்கும் எரிச்சல் வரும். ஆனா ஒண்ணு கேக்குறேன், சின்ன வயசுல அவர கடைல உக்கார வெச்சு பாத்திரத்துல பேர் வெட்ட பழக்குனீங்களா? பழக்கியிருந்தா எத்தனை கொட்டு விழுந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. சொல்லிக்குடுக்குறதுன்னா அப்படித்தான் இருக்கும்னு அவரு எங்கயோ பார்த்துத்தான கத்துக்கிட்டிருப்பாரு. அவரு எனக்கு எழுதல, அதனால அவர பத்தி இதுக்கு மேல நான் பேசக்கூடாது. ஒரு யூகம் மட்டும் சொல்றேன், தப்பாவும் இருக்கலாம்: அம்மா போனதுக்கு அப்புறம் அப்பாவையாச்சும் கடலுக்கு கூட்டிட்டு போவோம்னு நெனச்சுத்தான் பாஸ்போர்ட்ல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் செஞ்சிருக்காரோ என்னவோ. அப்படி இருந்தா உங்க வார்த்தை எந்த இடத்துல போய் குத்தியிருக்கும்னு பாருங்க.

தன்னால சரியாகாது. மேலுக்கு சரியான மாதிரி ஆகும், ஞாயித்துக்கிழமை போன் வந்துக்கிட்டே இருக்கும், பேத்தியும் பேசுவா, வருசம் ஓடிரும். நீங்கதான் பேசணும். மன்னிப்புங்கிற வார்த்தை வாயில வரலைன்னா அதை விட்டுருங்க, அப்பாக்களுக்கு அது வராதுன்னு எனக்கும் தெரியும். இவ்வளவு சொன்னா போதும்: "அன்னைக்கு ஏழாவது குழிகிட்ட உன்ன சொன்னது உனக்கு சேர வேண்டியது இல்லப்பா. உங்கம்மா கேட்டது என்கிட்ட. கூட்டிட்டு போகாதது நான்." இதுக்கு பின்னாடி "ஆனா நீயும்"னு ஒண்ணு வரும் பாருங்க, அதை முழுங்கிருங்க. ஆடி, தீபாவளி, சீர்வரிசை காரணம் எதுவும் வேண்டாம், அதெல்லாம் அவருக்கு உங்கள விட நல்லா தெரியும், அந்தக் கடையில வளர்ந்த புள்ளைதான.

சொன்ன உடனே அவரு கட்டிப்புடிக்கப் போறதில்ல. சரிப்பா, சாப்டீங்களான்னு கேட்டு வெச்சிருவாரு. கோவப்படவும் செய்யலாம், அம்மா கடைசி நாள்ல தான் ஊர்ல இல்லைன்னோ வேற எதையோ சொல்லி அழலாம். அப்ப நீங்க பதில் சொல்லாம கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. இது குச்சி புடிக்கிறத விட கஷ்டம்.

சமாதானத்துக்குன்னு இன்னொரு பெரிய டூர் போடாதீங்க. கொடைக்கானல்ல 1895லயே ஆரம்பிச்ச கோல்ஃப் கிளப் இருக்கு, பக்கந்தான, அதுக்கு டிக்கெட் போடுவோமான்னு ஆரம்பிச்சிராதீங்க. முதல்ல பேச்சு.

அப்புறம் தூக்கம். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படி மூணு மணிக்கு முழிப்பு வருது, சாப்பாடு இறங்கல, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அது வெறும் வருத்தம் இல்ல, டாக்டர பார்க்கணும். நம்ம பெரியாஸ்பத்திரியிலயே மனநலப் பிரிவு இருக்கு. நேர்ல போக கூச்சமா இருந்தா 14416க்கு போன் போடுங்க, அரசாங்கத்தோட டெலி மானஸ், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. மாமியார் வீட்டு விசேசத்துக்கு போற மாதிரி யோசிச்சுக்கிட்டே இருக்காதீங்க.

போன் ஞாயித்துக்கிழமை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வார நாள்ல ராத்திரி ஒம்பது மணிக்கு மேல நீங்களே போடுங்க, பேத்தி தூங்கியிருப்பா. அவரே எடுத்தாகணும்.