பேட்டி, மாணவர் குறிப்பேடு, வகுப்பறைக் கவனிப்பு: மூன்றுக்கும் ஒரே குறியீட்டுப் பட்டியலை வைத்துக் கோடிங் (தரவின் ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பொருளுக்கேற்ற குறியீடு போடுவது) செய்யலாமா?

நீங்கள் பொறியியல் கல்வியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறீர்கள், பேட்டிகளுக்குப் பட்டியல் தயார், அதையே மற்றவற்றுக்கும் போட்டு முடித்துவிட நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்து ஐந்து மாதத்தை இழந்தேன்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் குழுக்களில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்பது என் ஆய்வு. 18 பேட்டிகள், வாராந்திரக் குறிப்பேடுகள், லேபில் உட்கார்ந்து நான் எழுதிய கவனிப்புகள். பேட்டியில் கிடைத்த 40 குறியீடுகளையே மூன்றிலும் பயன்படுத்தினேன். ‘ஒத்துழைப்பு’ எங்கும் நிறைய வந்தது. மூன்று இடத்திலும் ஒன்றே வருகிறது, இனி சந்தேகமில்லை என்று அத்தியாயத்தையே எழுதிவிட்டேன்.

அப்புறம் ஒரு குழுவை மட்டும் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். குறிப்பேட்டில், “எல்லோரும் சேர்ந்து சர்க்யூட்டை முடித்தோம்.” அதே நாள் என் கவனிப்பில், ஒரு பெண் மட்டும் சால்டரிங் செய்கிறாள், மற்ற மூவரும் கேன்டீனில். பேட்டியில் அவள் சொன்னது, “அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன் சார்.” குறிப்பேட்டை வழிகாட்டி படித்து மதிப்பெண் போடுவார். அதில் யார் சண்டையை எழுதுவார்கள்? அந்த ‘அட்ஜஸ்ட்’டோ பேட்டியின் ஆங்கிலப் பெயர்ப்பில் ‘கோஆபரேட்’ ஆகியிருந்தது.

இருவர் தனித்தனியே போட்ட குறியீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் காப்பா (kappa) அளவைப் பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தேன், 0.74. நானும் நண்பரும் அதே ஆங்கிலப் பிரதியைப் படித்து, அதே தவற்றில் ஒத்துப்போயிருக்கிறோம். 0.61-க்கு மேல் கணிசமான உடன்பாடு என்பது 1977-இல் லாண்டிஸ், கோச் (Landis, Koch) என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த அளவு. அந்தப் பிரிவுகள் தன்னிச்சையானவை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். காப்பாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சரியாகப் படித்தோமா என்பதை அது சொல்லாது, அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு வகைத் தரவையும் முதலில் தனியாகக் கோடிங் செய்கிறேன். யார் படிப்பதற்காக எழுதியது, என்ன கிடைக்கும் என்று எழுதினார்கள் என்பதை மெமோவில் (எனக்காக எழுதும் ஆய்வுக் குறிப்பில்) குறித்துவிட்டுத்தான் ஒப்பிடுவேன். முரண் வந்தால் அழிக்காமல் அதற்கே ஒரு குறியீடு கொடுக்கிறேன்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பிரதிதான் வேண்டும் என்றது ஆய்வுக் குழு. பெயர்த்தவருக்கு என் உதவித்தொகையிலிருந்து கொடுத்தேன், அந்தத் தொகையும் எட்டு மாதம் தாமதமாகத்தான் வந்தது. அதே குழுவில் ஒருவர், “18 பேரை வைத்துக் கதை எழுதுகிறாய்” என்றார். அது இன்னும் வலிக்கிறது.

தமிழ் ஒலிப்பதிவை வைத்து மறுபடி முதலிலிருந்து செய்தேன். ‘அட்ஜஸ்ட்’ இப்போது தனிக் குறியீடு. 11 பேட்டிகளில் இருக்கிறது, குறிப்பேடுகளில் ஒரு தடவைகூட இல்லை.