கடலையும் ஏரியையும் ஆராயணும், காசு யாரு தருவா?

போன இதழ்ல கடலோர ஆராய்ச்சி பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கே இத்தனை கடிதம் வரும்னு நினைக்கல. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்து பதில் சொல்றேன்.

எம்எஸ்சி மெரைன் பயாலஜி முடிச்சிட்டேன். ஒரு தனியார் காலேஜ்ல ஃபீஸ் கட்டி பார்ட் டைம் பிஎச்டி சேரச் சொல்றாங்க. சேரலாமா? - தூத்துக்குடி வாசகி

வேணாம்மா. கடல் சம்பந்தமான ஆராய்ச்சி முழுநேர வேலை. விடிகாலையில போட்ல போய் தண்ணி எடுக்கணும், அன்னைக்கே ஃபில்டர் பண்ணணும், ஐஸ்ல வச்சு லேபுக்கு கொண்டு வரணும், போட் வாடகை, கெமிக்கல், ஃபில்டர் பேப்பர் எல்லாத்துக்கும் காசு வேணும், ஸ்காலர்ஷிப் இல்லாம சேர்ந்தவங்க ரெண்டாவது வருஷத்துலயே கைக்காசு போட்டு திணறுறதை நான் நிறைய பார்த்திருக்கேன். ஃபண்டிங் இல்லாத பிஎச்டியில சேராதீங்கன்னுதான் என்னைக் கேக்குற எல்லார்கிட்டயும் சொல்றேன்.

நம்ம ஊர்ல முதல் வழி நெட் எக்ஸாம்தான், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் காலேஜ் வாத்தியார் வேலைக்கும் தகுதி பார்க்கிற தேசியத் தேர்வு, யுஜிசி, சிஎஸ்ஐஆர்னு ரெண்டு வகை இருக்கு. யுஜிசி நெட்ல என்விரான்மென்டல் சயின்ஸ் தனி சப்ஜெக்ட். சிஎஸ்ஐஆர் நெட்ல உங்களுக்கு லைஃப் சயின்ஸ் இருக்கு, புவியியல், கடலியல் படிச்சவங்களுக்கு எர்த், அட்மாஸ்ஃபெரிக், ஓஷன் பேப்பர் இருக்கு. அதுல ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா 2023 ஜனவரியில இருந்து மாசம் 37,000 ரூபாய், ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப்புக்கு ஏறினா 42,000, அதுக்கு மேல வீட்டு வாடகைப் படி. இந்த ஃபெலோஷிப் உங்க பேர்ல வர்றதால நல்ல கைடை நீங்களே தேடிப் போலாம், அவர் கையில ப்ராஜெக்ட் காசு இருக்கணும்னு காத்துக்கிட்டு இருக்க வேண்டியதில்ல. எம்எஸ்சியில யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் ரேங்க் எடுத்திருந்தா மத்திய அரசோட இன்ஸ்பயர் ஃபெலோஷிப்பையும் பாருங்க.

ஜேஆர்எஃப் வரலைன்னா ஏதாவது நிறுவனத்தோட ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல சம்பளத்துக்குச் சேருங்க. பள்ளிக்கரணையில தேசிய கடலோர ஆராய்ச்சி மையமும் என்ஐஓடிங்கற கடல் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கு, அண்ணா யுனிவர்சிட்டி வளாகத்துல என்சிஎஸ்சிஎம்ங்கற கடலோர மேலாண்மை மையம் இருக்கு, பரங்கிப்பேட்டையில அண்ணாமலை யுனிவர்சிட்டியோட கடல் உயிரியல் மையம், கோவாவுல என்ஐஓங்கற கடலியல் நிறுவனம், உங்க ஊர்லயே சிஎம்எஃப்ஆர்ஐங்கற கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். இங்கல்லாம் ப்ராஜெக்ட் ஆள் எடுக்கிற அறிவிப்பு அவங்கவங்க இணையதளத்துல வரும், பல நேரம் ரெண்டு மூணு வாரம்தான் டைம் கொடுப்பாங்க, அதனால வாரம் ஒரு தடவையாவது பார்த்துக்கிட்டே இருக்கணும். ப்ராஜெக்ட்ல ஒரு வருஷம் வேலை பார்த்தா சாம்பிளிங் கை பழகிடும், ஒரு பேப்பர்ல பேர் வர வாய்ப்பு இருக்கு, அந்த கைடே பிஎச்டிக்கு எடுத்துக்கிறதும் நடக்குது. ஆனா சேர்றதுக்கு முன்னாடியே ப்ராஜெக்ட் இன்னும் எத்தனை வருஷம் ஓடும், பிஎச்டி ரெஜிஸ்ட்ரேஷன் உண்டான்னு வாய்விட்டு கேட்டுடுங்க. இதைக் கேக்க கூச்சப்பட்டே நிறைய பேர் மூணு வருஷத்தை விட்டுடுறாங்க.

நான் எம்எஸ்சி கெமிஸ்ட்ரி. வீடு பொன்னேரி, பழவேற்காடு ஏரி பக்கம். ஏரி ஆராய்ச்சிக்கு பயாலஜி படிச்சவங்களைத்தானே எடுப்பாங்க? வெளிநாட்டுல வாய்ப்பு இருக்கா? - பொன்னேரி வாசகர்

இல்ல தம்பி, ஏரி ஆராய்ச்சியில கெமிஸ்ட்ரி தெரிஞ்சவங்களுக்கு எப்பவும் தேவை இருக்கு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல 58 சின்ன ஏரிகளை ஆராய்ச்சிக்குன்னே ஒதுக்கி வச்சிருக்காங்க, 1968ல ஆரம்பிச்சது. அதுல 226ங்கற நம்பர் ஏரியை 1973ல நடுவுல பிளாஸ்டிக் திரை போட்டு ரெண்டா பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க, ஒரு பக்கத்துல மட்டும் கூடவே பாஸ்பரஸ் சேர்த்தாங்க. பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேல்னு பாசி பூத்துக் கிடந்துச்சு, இன்னொரு பாதி தெளிவா இருந்துச்சு. மேல இருந்து எடுத்த அந்த ஒரு ஃபோட்டோ, சோப்புத் தூள்ல பாஸ்பேட்டை குறைக்கிற சட்டங்களுக்கே பலமான ஆதாரமாச்சு. தண்ணியில பாஸ்பரஸை சரியா அளக்கத் தெரிஞ்ச கை எந்த ஏரி லேபுக்கும் வேணும்.

ஜெர்மனியில பெர்லினுக்கு வடக்க ஸ்டெக்லின்னு ஒரு ஏரி இருக்கு, அதுக்குள்ளேயே 24 பெரிய உருளைத் தொட்டிகளை இறக்கி, காலநிலை மாறினா ஏரி என்ன ஆகும்னு சோதிக்கிறாங்க. ஐஜிபிங்கற நன்னீர் ஆராய்ச்சி நிறுவனம் நடத்துது. கடலோரம்னா ப்ரெமன்ல வெப்பமண்டல கடல் ஆராய்ச்சிக்குன்னே இசட்எம்டி இருக்கு, மாங்க்ரோவ், பவளப்பாறை எல்லாம் அவங்க வேலை. அங்க பிஎச்டி பெரும்பாலும் வேலை ஒப்பந்தம்தான், முழுச் சம்பளத்துல 65, 75 சதவீதம் மாதிரி தருவாங்க, ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. ஸ்வீடன், நெதர்லாந்துலயும் பெரும்பாலும் சம்பளத்துக்குத்தான் எடுப்பாங்க, வழக்கமா நாலு வருஷம். ஐரோப்பிய யூனியன் காசு கொடுக்கிற மேரி க்யூரி டாக்டோரல் நெட்வொர்க்குல எந்த நாட்டுக்காரரும் விண்ணப்பிக்கலாம், ஆனா போற நாட்டுல அதுக்கு முந்தின 36 மாசத்துல 12 மாசத்துக்கு மேல இருந்திருக்கக் கூடாது. இந்தியாவுல இருந்து நேரா போறவங்களுக்கு அது தடையே இல்ல. அறிவிப்பெல்லாம் யூராக்சஸ்ங்கற ஐரோப்பிய ஆராய்ச்சி வேலை இணையதளத்துல வரும்.

அமெரிக்காவுலயும் ரிசர்ச் அசிஸ்டன்ட் வேலை கொடுத்து ட்யூஷன் ஃபீஸை தள்ளுபடி பண்ணிடுவாங்க. 2014 ஆகஸ்ட்ல ஈரி ஏரியில நச்சுப் பாசி வந்து டொலிடோ நகரத்துல சில நாள் குழாய்த் தண்ணியையே குடிக்காதீங்கன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் பெரிய ஏரிகள் பக்கம் பாசி ஆராய்ச்சிக்கு நல்ல கவனம் கிடைச்சுது. ஆனா 2025ல அந்த நாட்டு மத்திய அரசு நிதியில வெட்டு விழுந்து பல டிபார்ட்மென்ட்ல சேர்க்கையை குறைச்சாங்க. அதனால அமெரிக்காவை மட்டும் நம்பி உக்காராதீங்க.

என் பொண்ணுக்கு வெளிநாட்டு யுனிவர்சிட்டியில கடலோர மேலாண்மையில பிஎச்டி சீட் கிடைச்சிருக்கு. ஃபீஸ் நாமதான் கட்டணுமாம். வீட்டை அடமானம் வச்சு லோன் எடுக்கலாமா? - திண்டுக்கல் வாசகர்

எடுக்காதீங்க ஐயா. சீட் கிடைக்கிறது வேற, ஃபண்டிங்கோட கிடைக்கிறது வேற. எம்எஸ்சி முடிச்சு வேலைக்குப் போற பிள்ளை லோனை அடைச்சிடும்னு ஒரு கணக்கு போடலாம், பிஎச்டியில அந்தக் கணக்கு நிக்காது. அந்த ப்ரொஃபசருக்கு பொண்ணையே ஒரு மெயில் போடச் சொல்லுங்க, அடுத்த வருஷ சேர்க்கைக்கு ஸ்காலர்ஷிப்போ ப்ராஜெக்ட் நிதியோ இருக்கான்னு கேக்கட்டும். உண்மையிலேயே இவங்க வேணும்னு நினைக்கிறவர் வழி சொல்வார். பட்டியல் சாதி குடும்பம்னா மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப்பை கட்டாயம் பாருங்க, அது பிஎச்டிக்கும் உண்டு.

நிறைய ப்ரொஃபசர்களுக்கு மெயில் போட்டும் ஒருத்தர்கூட பதில் போடல. என்ன தப்பு? - கோவை வாசகர்

நீங்க அனுப்பியிருந்த மெயிலைப் படிச்சேன். 'யுவர் எஸ்டீம்டு லேப்'னு ஆரம்பிச்சு மார்க், செமினார், சர்டிஃபிகேட்னு போகுது. அதுல ப்ரொஃபசர் பேரை மாத்தினா யாருக்கு வேணாலும் அனுப்பலாம். படிக்கிறவருக்கு அது முதல் வரியிலேயே தெரிஞ்சிடும்.

நீங்க இருக்குறது கோவை. சிங்காநல்லூர் குளம் உங்க பக்கத்துல இருக்கு, ஆகாயத்தாமரை மூடினா அடியில ஆக்சிஜன் எவ்வளவு குறையுது, ராத்திரியில என்ன ஆகுதுன்னு ஒரு சின்ன மீட்டரை வச்சே பார்க்கலாம். அதைப் பார்த்துட்டு மெயில்ல நாலு வரி எழுதுங்க: எந்தக் குளம், என்ன அளந்தேன், என்ன புரியல, உங்க இந்தப் பேப்பர்ல இந்த முறை அதுக்கு உதவும்னு நினைக்கிறேன். அப்புறம் ஒரே ஒரு கேள்வி, அடுத்த வருஷம் ஃபண்டிங்கோட ஆள் எடுக்கிறீங்களா. சிவியை பின்னாடி இணைச்சா போதும்.

எந்த மாதிரி கேள்வி கேக்கலாம்னு உதாரணத்துக்கு, ஒடிசாவுல கடலோரம் இருக்கிற சிலிகா ஏரியை எடுத்துக்கோங்க. முகத்துவாரம் தூர்ந்து உப்பு குறைஞ்சு மீன் குறைஞ்சுது, 2000 செப்டம்பர்ல புது முகத்துவாரம் வெட்டினாங்க, உப்பு ஏறுச்சு, மீன்பாடு மறுபடி கூடுச்சு. பழவேற்காட்டுலயும் முகத்துவாரம் மணல் மூடுற பிரச்சனை இருக்கு. அங்க வெட்டினது இங்க பொருந்துமான்னு கேக்குற மாணவரோட மெயிலை, ஏரி முகத்துவாரத்துல வேலை பார்க்கிற எந்த ப்ரொஃபசரும் முழுசா படிப்பார்னு நான் நம்புறேன். பத்து நாள் பதில் இல்லைன்னா ஒரு தடவை நினைவூட்டுங்க, அதுக்கு மேல வேணாம்.

எனக்கு 33 வயசு, ரெண்டு குழந்தைங்க. கல்யாணத்துக்கு முன்னாடி எம்எஸ்சி என்விரான்மென்டல் சயின்ஸ் படிச்சேன். இனிமே முடியுமா? - மதுரை வாசகி

முடியும்மா. யுஜிசி ஜேஆர்எஃப்க்கு பொதுவா 30 வயசு வரம்பு, பெண்களுக்கு அஞ்சு வருஷம் தளர்வு இருக்கு, அதனால உங்களுக்கு இன்னும் டைம் இருக்கு, அடுத்த நெட்டுக்கே உக்காருங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது. அதோட மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பெண்களுக்குன்னே வைஸ் பிஎச்டின்னு ஒரு ஃபெலோஷிப் வச்சிருக்கு, 27ல இருந்து 45 வயசு வரைக்கும் விண்ணப்பிக்கலாம், அறிவிப்பு வந்திருக்கான்னு பாருங்க. மேரி க்யூரிக்கும் வயசு வரம்பு இல்ல. குழந்தைங்க சின்னவங்கன்னா மதுரைக்குப் பக்கத்துலயே கண்மாய், வைகை அணைன்னு சாம்பிள் எடுத்துட்டு சாயங்காலம் வீடு திரும்புற மாதிரி தலைப்பு எடுங்க, கைடுகிட்ட இதை முதல் சந்திப்புலயே சொல்லிடுங்க. நெட் பாடத்திட்டத்தை இறக்கிட்டு பழைய வினாத்தாளோட ஆரம்பிங்க, எங்கயாவது சிக்குனா அந்த யூனிட் பேரைப் போட்டு எழுதுங்க, அடுத்த இதழ்ல சொல்றேன்.